இரண்டு பெட்டிகளும் ஒரு காசி யாத்திரையும்

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை விரலால் தட்ட வேண்டியதில்லை, பேசினாலே தெரிந்துவிடும். நீங்கள் சற்று முன் இந்தப் பதிவுக் கருவியை இரண்டு தட்டுத் தட்டினீர்கள், அதனால் சொன்னேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் அம்மா பாறசாலைக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். அது எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டில் பேசுகிற பாஷையில்தான் முடிகிறது.

என் பெயர் சேஷன். வயது ஐம்பத்தெட்டு. வீடு கரமனை அக்ரஹாரத்தில். ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடியில் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் உற்சவம், பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் போவேன். என்னிடம் நான்கு செட் இருக்கிறது. ஆனால் ஊரில் ‘சேஷன் பெட்டி’ என்றால் இரண்டே இரண்டைத்தான் சொல்வார்கள். கறுப்பு நிறம், மார்பளவு உயரம், முன்னால் இரும்பு வலை. என் மகள் அம்மிணி பிறந்த வருஷம் வாங்கியவை. அம்மிணிக்கு இப்போது இருபத்தேழு. மூவரும் ஒன்றாகத்தான் வளர்ந்தார்கள்.

சிலர் தங்கள் பெட்டிகளுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. இடது, வலது என்றுதான் சொல்வேன்.

ஒலிபெருக்கி ஏன் கெட்டுப்போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. பெட்டியின் மேல் பாதியில் ஒரு ஹார்ன் இருக்கும். அதன் தொண்டைக்குள் வெற்றிலையைவிட மெல்லிய ஒரு தகடு. தகட்டின் விளிம்பில் தலைமயிர்போல் கம்பி சுற்றிய சுருள். ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் கத்தவிட்டால் சுருள் சூடேறும். சில விநாடிகள் போதும். வார்னிஷ் கருகின வாடை வரும், அதோடு முடிந்தது. இதைத் தடுக்க லிமிட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அது பிடித்து அழுத்திவிடும். நல்ல கருவிதான், என்னிடமும் இருக்கிறது. ஆனால் லிமிட்டருக்கு முன்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மைக்கில் ஊதுகிறார்கள், தட்டுகிறார்கள், கீழே போடுகிறார்கள். கருவிகளைத் திருகிவிடுகிறார்கள்.

என் பெட்டிகளுக்குப் பொருந்தும் தகடு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். போனால் போனதுதான். ஆகவே நான் மனிதர்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

உதாரணமாக ஒரு தேர்தல் கூட்டம். பேச்சாளர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசுகிறவர். இருபது நிமிஷம் பொறுத்தேன். பிறகு, உங்கள் வீட்டில் தீப்பிடித்துவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன். அவர் ஓடினார். வீடும் எரியவில்லை, பெட்டியும் எரியவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டமில்லை. இன்னொரு முறை ஒரு கோயிலில் பதினாறு வயதுப் பெண் பாடினாள். மேல் ஸ்தாயியில் அவள் குரல் கத்திபோல் இருந்தது, ஹார்னுக்கு ஆகாது. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, அம்மா, உனக்கு சுருதி சேரவில்லை, யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள் என்று அன்பாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எங்கும் பாடவில்லை என்று கேள்விப்பட்டேன். சுருதி நன்றாகத்தான் சேர்ந்திருந்தது.

இதையெல்லாம் குற்றம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை, பார்த்தேன். சரிதான். இவை பராமரிப்பு.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை வெங்கிடேஷ், அம்மிணி வேலை பார்க்கும் ஆபீஸிலேயே இருக்கிறார். ஆறாவது மாடி. அவருக்கு லிஃப்ட் ஆகாது. மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும். தினமும் படியேறித்தான் போவார். ஒருநாள் அம்மிணி லிஃப்டை விட்டுவிட்டு அவருக்குத் துணையாக ஏறியிருக்கிறாள். மறுநாளும் ஏறினாள். என் மனைவி சரஸ்வதி, “இவாளுக்கு ஆறு மாடில காதல் வந்துடுத்து. லிஃப்ட்ல போயிருந்தா ஒரு நிமிஷத்துல தீர்ந்திருக்கும்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். நல்ல பையன், மேடம். என் பெட்டிகளைப் பார்க்க முதல் தடவை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். தட்டவில்லை.

கல்யாணத்தில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. திருமாங்கல்யம் கட்டும்போது பெண்ணின் அப்பா நெல்மூட்டைமேல் உட்காருவார். பெண் அவர் மடியில் உட்காருவாள். மாப்பிள்ளை எதிரில் வந்து கட்டுவார். அந்த நேரத்தில் வாத்தியார் கையைத் தூக்கி “கெட்டி மேளம், கெட்டி மேளம்” என்பார். நாதஸ்வரமும் தவிலும் தங்களிடம் உள்ள அத்தனை சத்தத்தையும் கொட்டிவிடும். தும்மல், அழுகை, வேண்டாத சொல் எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது, அதற்காகத்தான் கெட்டி மேளம். கல்யாணத்திலேயே பெட்டிகளுக்கு மிக ஆபத்தான நேரம் அதுதான். இருபத்தேழு வருஷமாக அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் மிக்ஸரின்மேல் இருந்திருக்கின்றன.

அன்றைக்கு மட்டும் என் மடியில் பெண் இருப்பாள். எழுந்திருக்க முடியாது.

நிச்சயதார்த்தம் முடிந்த அன்றிரவே எனக்கு இது தோன்றிவிட்டது. சரஸ்வதியிடம் சொன்னேன்.

“ஏன்னா, வேற யார்கிட்டயாவது சொல்லி சவுண்ட் வச்சாப் போராதா? ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு விஜாரமா?”

“சேஷன் பொண்ணு கல்யாணத்துக்கு சேஷன் பெட்டி போகலைன்னா ஆரியசாலைல என்ன சொல்வா?”

“ஒண்ணும் சொல்லமாட்டா. சாப்பாடு எப்படின்னு கேப்பா.”

அவளுக்கு அது புரியாது. அவள் வீணை வாசித்தவள்; வீணைக்கு மின்சாரம் வேண்டாம்.

நான் எல்லா வழியையும் யோசித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தவிலுக்கு மைக் வைக்காமல் இருக்கலாம். ஆனால் வாத்தியார் வெற்றுடம்போடு இருப்பார், காலர் மைக் மாட்டச் சட்டை கிடையாது, அவருக்கு மந்திரம் சொல்ல ஸ்டாண்டு மைக் வேண்டும். அது தவில்காரருக்கு நான்கடி தூரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் யாரையாவது விட்டு ஒலியை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் மாங்கல்யம் ஏறும்போது சேஷன் பெட்டி ஊமையாகிவிட்டது என்று ஊர் சொல்லும். அந்த அவமானத்தை நான் தாங்கிக்கொள்வேன். பெட்டிகளுக்கு அதை எப்படிக் கொடுப்பது?

தவில் வன்னியராஜிடம் போய்ப் பேசினேன். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர், சாலைக் கடைத்தெருப் பக்கம் குடியிருக்கிறார்.

“கெட்டி மேளத்தை அன்னிக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா வாசிக்க முடியுமா?”

“என்ன சாமி சொல்லுதிய? பிள்ளைய தூங்கவைக்கவா கெட்டி மேளம்?”

“பெட்டி தாங்காது, வன்னியராஜ்.”

“பெட்டி தாங்காதுன்னா பெட்டிய வெளிய வையுங்க. ஒங்க மக கல்யாணம். நான் அன்னைக்கு வாசிக்கிற வாசிப்புல கரமனை ஆத்துல மீன் துள்ளணும்.”

அன்பினால் சொன்னார். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

வாத்தியாரிடம் கெட்டி மேளத்தையே விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். “அபசப்தம் காதுல விழுந்தா யார் பொறுப்பு?” என்று கேட்டுவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். என் மச்சினன் உமாசங்கர், அவன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன், “அத்திம்பேர், மும்பைல இருக்கிறவா எல்லாரும் போன்ல லைவா பாக்கறா, சவுண்டு மட்டும் குறையப்படாது, கேட்டேளா?” என்றான். உமாசங்கருக்கு மிக்ஸரைக் கண்டால் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் மேலே தள்ளுவான்.

எங்கள் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு கோளாறு வந்தால் பெட்டியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பெட்டி, ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், கேபிள், மைக், மைக்குக்கு முன்னால் இருப்பவர். மூலம் எதுவோ அங்கே நிறுத்த வேண்டும். நான் பின்னோக்கிப் போனேன். பெட்டிக்கு ஆபத்து தவிலினால். தவில் ஒலிப்பது வாத்தியார் கையைத் தூக்குவதனால். வாத்தியார் கை தூக்குவது மாங்கல்யம் கட்டுவதனால். கட்டுகிறவர் வெங்கிடேஷ்.

அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். அதற்கு முன்னால் காசி யாத்திரை. உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, குடை, விசிறி, கைத்தடியோடு, எனக்கு சம்சாரம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று மண்டபத்தைவிட்டு வெளியே நடப்பார். பெண்ணின் அப்பா பின்னால் போய், போகாதீர்கள், என் பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லி அழைத்து வர வேண்டும். விளையாட்டு மாதிரிதான். எல்லாரும் சிரித்துக்கொண்டு கூடவே போவார்கள். அழைத்து வர வேண்டியவர் பெண்ணின் அப்பா ஒருவர்தான். வேறு யாரும் அழைக்கக் கூடாது.

நான் கையில் கார்ட்லெஸ் மைக்கோடு போனேன். வெங்கிடேஷ் மண்டபத்து வாசலைத் தாண்டிப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார். பெட்டிகள் ஏற்றிவரும் என் வண்டி அங்கேதான் நின்றது. அவருக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர், போட்டோக்காரர் உட்பட. மைக்கை வாயருகே வைத்து, “ஊஞ்சல் ஆரம்பமாகிறது, பெண் வந்துவிட்டாள், எல்லாரும் உள்ளே வரவும்” என்றேன். நான் அவர்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் குரல் மண்டபத்துக்குள்ளிருந்து, பெட்டிகளிலிருந்து வந்தது. அத்தனை பேரும் திரும்பி உள்ளே போனார்கள். பெட்டியிலிருந்து வரும் குரலை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவ்வளவு தெளிவு.

நானும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்தோம். குடைக்குக் கீழே அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“மாமா, இப்ப நீங்க என்னைத் தடுக்கணும்.”

“தெரியும், மாப்ளே.”

“பொண்ணைத் தரேன், திரும்பி வாங்கோன்னு சொல்லணும். வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரே.”

“சொல்லலாம். வெயில் கொல்லறது. வண்டில செத்த உக்காருங்கோ.”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “இருட்டா இருக்கே மாமா.”

“மெத்தை இருக்கு.”

“கதவு தொறந்திருந்தா போரும்.”

“பின்னே” என்றேன்.

பெரியவன் சொல்லைத் தட்டக் கூடாது என்று ஏறி உட்கார்ந்தார். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அந்த “பின்னே” ஒன்றுதான் நான் அவரிடம் சொன்ன பொய். அதற்காக வருந்துகிறேன்.

வண்டியைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். மூடிய வண்டி. உள்ளே நான்கு பக்கமும் கதவிலும் மூன்று அடுக்கு ஃபோம், நானே ஒட்டியது. சாலைக் குலுக்கல் பெட்டிகளைத் தொடக்கூடாது என்பதற்காக. அடியில் இரண்டு காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன, பெட்டிகளுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. ஆகவே காற்றுக்குக் குறைவில்லை. மூடிய இடம் அவருக்கு ஆகாது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அம்மிணி சொன்னது லிஃப்டைப் பற்றி. லிஃப்ட் மேலே போகிறது. வண்டி நேராகப் போகிறது.

டிரைவர் பிரவின்ராஜ் டீக்கடையில் இருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. விதுரையில், நீங்கள் வித்துரா என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும், ஒரு கிளப்பில் பழைய ஸ்டாண்டுகள் இருக்கின்றன, போய் எடுத்து வா என்றேன்.

“மோளுக்க கல்யாணம் பாக்காம போணுமா சாமி?”

“சாப்பாட்டுக்குள்ள வந்துடலாம். போ.”

அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான். முப்பத்தெட்டு கிலோமீட்டர். பின்னாலிருந்து ஒரு தட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். அதை நான் நம்புகிறேன். ஃபோம் அவ்வளவு நல்லது.

நான் மேடைக்குப் போய் நெல்மூட்டைமேல் உட்கார்ந்தேன். முதலில் யாரும் கவலைப்படவில்லை, உடை மாற்றப் போயிருப்பார் என்றார்கள். ஒன்பதே முக்காலுக்குத் தேடத் தொடங்கினார்கள். அவருடைய போன் அவர் அம்மாவின் கைப்பையில் இருந்தது; பஞ்சகச்சத்தில் ஏது பை. நீயும் வந்து தேடு என்று சிலர் என்னைக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றேன்.

அம்மிணி கூறைப்புடவையில் வந்து என் எதிரில் நின்றாள். மடியில் உட்காரவில்லை.

“அப்பா, நீதானே கூடப் போனே. அவர் ஏதானும் சொன்னாரா?”

“வெயிலா இருக்குன்னார்.”

“அவர் ஓடிப்போறவர் இல்லைப்பா. எனக்குத் தெரியும். ஆறு மாடி ஏறி வரவர்.”

“எனக்கும் தெரியும், கண்ணா” என்றேன். அது உண்மை.

அதற்குள் உமாசங்கர் மிக்ஸரைப் பிடித்துவிட்டான். தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டு, கார்ட்லெஸ்ஸில், “வெங்கிடேஷ் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்” என்று கத்திக்கொண்டிருந்தான். லிமிட்டரின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. யாரும் தொடக்கூடாது என்று நான் அதைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து அதையும் திருகிவிட்டான் என்பது பிறகு தெரிந்தது. மேடையிலிருந்து பார்க்க மட்டும்தான் முடிந்தது. இருந்தாலும் பத்தரை ஆனால் முகூர்த்தம் போய்விடும், கெட்டி மேளமும் போய்விடும் என்று பொறுத்துக்கொண்டேன்.

பத்து இருபதுக்கு மாப்பிள்ளையின் அம்மா மேடைக்கு வந்து, வாத்தியாரின் மைக்குக்கு முன்னால் நின்று, “என் பிள்ளை போயிட்டானே” என்று ஓவென்று அழுதாள். மணமேடையில் அப்படி ஒரு சொல். வாத்தியாருக்கு நாற்பது வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கி, “கெட்டி மேளம், கெட்டி மேளம்” என்றார்.

வன்னியராஜ் காலையிலிருந்து அந்தக் கைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

சாதாரணமாகக் கெட்டி மேளம் ஒரு நிமிஷம். மூன்று முடிச்சு விழுந்ததும் நிறுத்திவிடுவார்கள். இங்கே முடிச்சே இல்லை, எப்போது நிறுத்துவது? அழுகை நிற்கும்வரை வாசிக்கலாம் என்று அவர்கள் வாசித்தார்கள். வாசிப்பை மீறிக் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாள் இன்னும் உரக்க அழுதாள். அவள் அழ அழ இவர்கள் வாசித்தார்கள். நான்கு நிமிஷம். நான்காவது நிமிஷத்தில் அந்த வாடை வந்தது.

வலது பெட்டி.

நான் மேடையிலிருந்து குதித்து ஓடினேன். மடியில் யாரும் இல்லாதது வசதியாக இருந்தது. இரும்பு வலையில் கை வைத்தேன், சூடு. கட்டிக்கொண்டேன். உமாசங்கர் ஓடிவந்து என்னை இழுத்தான்.

“அத்திம்பேர், பெட்டி கெடக்கட்டும், மாப்பிள்ளையைக் காணும்!”

“இதுக்காகத்தானேடா அவரை வண்டில வச்சுப் பூட்டினேன்” என்றேன்.

அவன் கையிலிருந்த கார்ட்லெஸ் அணைக்கப்படவில்லை. இடது பெட்டி நன்றாகவே வேலை செய்தது. கடைசி வரிசை வரைக்கும், மும்பை வரைக்கும், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டதாம். அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. மேளம் நின்றுவிட்டது.

அம்மிணி இறங்கி வந்தாள்.

“எந்த வண்டில, அப்பா?”

“நம்ம வண்டிதான். மெத்தை இருக்கு.”

அவள் கத்தவில்லை. அதை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். மைக் பக்கத்தில்தான் இருந்தது.  அவள் மாலையைக் கழற்றி நெல்மூட்டைமேல் வைத்துவிட்டு, உமாசங்கரின் காரை நோக்கி நடந்தாள்.

மற்றதெல்லாம் உங்கள் தாள்களில் இருக்கிறது. போன் வந்ததும் பிரவின்ராஜ் வித்துரா மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி ஜாக்கிக் கம்பியால் பூட்டை உடைத்திருக்கிறான். வெங்கிடேஷ் வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். குடைக்கம்பி வளைந்திருந்தது. நகங்களில் ரத்தம். கதவின் உட்புறம் மூன்று அடுக்கு ஃபோமும் தகரம் தெரியும்வரை பிய்ந்திருந்தது. அதை நான் சரிசெய்துகொள்வேன், அவரிடம் எதுவும் கேட்கமாட்டேன். அம்மிணி போனபோது அவர் காரில் ஏறமாட்டேன் என்றாராம். அவளும் ஏறவில்லை. ஷட்டர் எல்லாம் தூக்கிய பஸ்ஸில், கல்யாண உடையிலேயே, இரண்டு பேரும் ஜன்னலோரமாக வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் சினிமா ஷூட்டிங் என்று நினைத்தார்களாம். கையை விடவே இல்லையாம்.

“அப்போ பூட்டினது நிங்கதானே? அவருக்கு ஆகாதுன்னு அறிஞ்சிட்டு?” என்று கேட்டீர்கள். ஆம். நான்தான் பூட்டினேன். தெரிந்துதான் பூட்டினேன். யாரும் தூண்டவில்லை. அவர் அப்பா கொடுத்த புகாரில் எழுதியிருப்பது எல்லாம் சரி. வலது பெட்டியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, அது மட்டும் குறை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

போன வியாழக்கிழமை அவர்கள் கல்யாணம் நடந்துவிட்டது. வெங்கிடேஷ் வீட்டு மொட்டைமாடியில், நான்கு பக்கமும் திறந்த இடத்தில். மைக் இல்லை, பெட்டி இல்லை. வன்னியராஜ் வாசித்தது நான்கு தெருவுக்குக் கேட்டதாம். நெல்மூட்டைமேல் உமாசங்கர் உட்கார்ந்தானாம். அவனுக்கு முழங்கால் வலி உண்டு. அவ்வளவு நேரம் அம்மிணியை மடியில் எப்படி வைத்திருந்தானோ. சரஸ்வதியும் போனாள், இன்னும் வரவில்லை. புதுக் குடித்தனம், ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருக்கும்.

என்னை அழைக்கவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, மேடம். ஒலிபெருக்கியே வைக்காத கல்யாணத்தில் எனக்கு என்ன வேலை?